பச்சோந்தியைக் கைக்குப் பழக்குவது எப்படி: டெல்டா வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

பச்சோந்தியின் பாதம் முதன்முறையாக நம் விரலைப் பற்றும்போது, ஒரு சிறிய மர இடுக்கி மெல்லக் கவ்வுவதைப் போலிருக்கும். அதன் ஐந்து விரல்களும் இரண்டு கட்டுகளாகச் சேர்ந்தே இருப்பவை: முன்னங்காலில் உட்புறம் மூன்றும் வெளிப்புறம் இரண்டும், பின்னங்காலில் உட்புறம் இரண்டும் வெளிப்புறம் மூன்றும். கிளையைப் பற்றுவதற்கென்றே அமைந்த அந்தப் பாதத்தை எங்கள் வீட்டுச் சிங்காரம் என் ஆள்காட்டி விரலின் மீது வைத்தது, திருவையாற்றுக்கு அருகிலுள்ள எங்கள் ஓட்டு வீட்டுக்கு அது வந்து சேர்ந்து ஏறக்குறைய மூன்று மாதங்கள் கழிந்த ஒரு தை மாதக் காலையில்தான். அதற்கு முன் நான் செய்த பிழைகளையும் பிறகு கற்றுக்கொண்ட ஒழுங்கையும் சேர்த்து, புதிதாகப் பச்சோந்தி வளர்க்கத் தொடங்கும் டெல்டாப் பகுதி வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாயும் பூனையும் மனிதரிடம் பழகும் விதத்தில் பச்சோந்தி பழகாது. அது தனித்து வாழும் உயிரினம்; தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைக்கூட இணை சேரும் காலம் தவிர மற்ற நேரத்தில் பொறுத்துக்கொள்ளாது. தடவிக்கொடுப்பதும் மடியில் வைத்துக் கொஞ்சுவதும் அதற்கு இன்பம் தருவதில்லை. நாம் அடையக்கூடியது, நம்மைக் கண்டால் அதற்கு எழும் அச்சம் தணிவது மட்டுமே. அது போதுமா என்று கேட்டால், போதும் என்பேன். வாரந்தோறும் எடை பார்க்கவும், வாயையும் பாதங்களையும் சோதிக்கவும், காலை வெயிலுக்காக முற்றத்துக்குக் கொண்டுவரவும், நோயுற்றால் மருந்து கொடுக்கவும் அதை எப்படியும் கையில் எடுத்தாக வேண்டும். கையைக் கண்டு நடுங்கும் பச்சோந்திக்கு நோயோடு சிகிச்சையும் ஒரு துன்பமாகிவிடுகிறது. ஆகவே நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே அதைக் கைக்குப் பழக்கிவிடுவது நாம் அதற்குச் செய்யும் பெரிய உதவி.

தொடங்கும் முன்: எந்தப் பச்சோந்தி, என்ன ஆவணம்

வயல் வேலியிலும் கருவேலங்காட்டிலும் காணப்படும் நம் நாட்டுப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் வாங்குவதும் குற்றம். சாலையைக் கடக்கும் பச்சோந்தியைக் கண்டால், ஒரு நீண்ட குச்சியை அதன் முன்னே நீட்டி, அது தானாக ஏறிக்கொண்டதும், அது போய்க்கொண்டிருந்த திசையிலுள்ள செடியில் விட்டுவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லலாம். வீட்டுக்கு எடுத்து வரலாகாது. ஊர்ப்பக்கம் பலர் ஓணானையே பச்சோந்தி என்று சொல்கிறார்கள். இரண்டும் வேறு. ஓணான் வேகமாக ஓடும்; கால் விரல்கள் தனித்தனியாக விரிந்திருக்கும்; வாலைச் சுருட்டிக் கிளையைப் பிடிக்காது. இராமருக்கு ஓணான் தீங்கு செய்ததாகச் சொல்லப்படும் பழைய கதையை நம்பித் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு அதைப் பிடித்து வதைத்த பிள்ளைகளில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

வளர்ப்போர் கையில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு. ஒன்று, வெயில்ட் கெமீலியன் எனப்படும் ஏமன் பச்சோந்தி. ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கும் அதன் தாயகம். மற்றொன்று மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த பேந்தர் கெமீலியன். இவை இரண்டும், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிரினச் சட்டத்தின் நான்காம் அட்டவணையும், 2024 பிப்ரவரியில் வெளியான வாழும் விலங்கினங்களைப் பதிவுசெய்யும் விதிகளும் இவற்றுக்குப் பொருந்தும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தின் வழியே மாநிலத் தலைமை வனவுயிரினக் காப்பாளரிடம் பதிவுசெய்ய வேண்டும். கைமாற்றமும் பிறப்பும் இறப்பும் அவ்வாறே தெரிவிக்கப்பட வேண்டும். ஆவணம் தராமல், "அதெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லி விற்பவரிடமிருந்து தயவுசெய்து வாங்காதீர்கள். காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட பச்சோந்தி பெரும்பாலும் ஒட்டுண்ணிகளோடும் நீர்வற்றிய உடலோடும் வருகிறது. எவ்வளவு பொறுமை காட்டினாலும் அதன் அச்சம் முழுமையாக நீங்குவது அரிது.

சிங்காரம் ஏமன் பச்சோந்தி, ஆண். இவ்வினத்தில் ஆணின் பின்னங்கால் குதியில் குஞ்சுப் பருவத்திலிருந்தே ஒரு சிறு முள் இருக்கும்; அதைக் கொண்டு பாலினம் அறியலாம். இனி நான் சொல்லும் அளவுகள் இந்த இனத்துக்கானவை. மனப்போக்கில் ஏமன் ஆண்கள் சற்று முரடு, பேந்தர்கள் கொஞ்சம் சாது என்பது வளர்ப்போரின் பொதுவான அனுபவம். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குணம் உடையது.

நிறத்தையும் உடலையும் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

கொள்கை மாறுபவரைப் பச்சோந்தி என்று ஏசும் வழக்கம் நம் மொழியில் வேரூன்றிவிட்டது. இந்த உயிரோடு சில மாதங்கள் வாழ்ந்த எவருக்கும் அந்த உவமை வலிக்கும். சுற்றுப்புறத்தைப் பார்த்து அதன் நிறத்தை எடுத்துக்கொண்டு ஏமாற்றுவதற்காக அது நிறம் மாறுவதில்லை. தன் வெப்பநிலையையும் மனநிலையையும் அது மறைக்கவே முடியாமல் தோலில் எழுதிக் காட்டுகிறது. 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து, அதிலுள்ள ஒருவகை உயிரணுக்களில் குவானைன் என்னும் பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் அடுக்காக இருப்பதையும், அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பி, தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தோன்றுவதையும், கிளர்ச்சியுறும்போது படிகங்கள் விலகி மஞ்சளும் செம்மஞ்சளும் எழுவதையும் விளக்கினார்கள். கருமை வேறு வழியில் வருகிறது: கருநிறமியைக் கொண்ட உயிரணுக்களில் அந்நிறமி பரவும்போது தோல் இருள்கிறது.

கைக்குப் பழக்குவதென்பது முக்கால் பங்கு இந்த எழுத்தைப் படிப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சிங்காரம் அமைதியாக இருக்கும்போது வெற்றிலைக் கொடியின் தளிர்ப் பச்சையில், மங்கிய மஞ்சள் பட்டைகளோடு இருக்கும். அச்சமுற்றால் முதலில் பட்டைகளுக்கு இடையிலுள்ள பகுதி பழுப்பாகிறது, பிறகு கருக்கிறது, மஞ்சள் கூர்மையாகி, முழு உடலும் முரண்பட்ட நிறங்களால் நிறைகிறது. உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி இலைபோல் அகலமாகக் காட்டும்; தொண்டைப் பையை உப்பும்; வாயைத் திறந்து சீறும். இது எச்சரிக்கை. இதற்கும் முந்தைய, கவனிக்கத் தவறும் அறிகுறிகள் சில உண்டு: கிளையின் மறுபக்கம் திரும்பி மறைந்துகொள்வது, இலை காற்றில் ஆடுவதைப் போல முன்னும் பின்னும் அசைவது, ஒரு கண் நம்மையே விடாமல் பார்ப்பது. இந்த நிலையிலேயே நாம் நின்றுவிட்டால், சீறும் நிலை வராது.

ஆனால் கருமை எல்லாம் அச்சம் என்று கொள்ளவும் கூடாது. மார்கழி விடியலில் குளிர்ந்திருக்கும் பச்சோந்தி வெப்பத்தை உறிஞ்சுவதற்காகக் கருத்திருக்கும். வெயில் படும் பக்கம் மட்டும் கருத்து, மறுபக்கம் பச்சையாகவே இருப்பதையும் காணலாம். உறங்கும்போது வெளிறும். சினையுற்ற பெண் அடர்பச்சையில் மஞ்சளும் நீலமுமான புள்ளிகள் காட்டும். பகலில் கண்களை மூடிக்கொண்டிருப்பதோ பழக்கத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நோய்க்குறி. உடனே மருத்துவரை அணுக வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரம், வெப்பம், நிறம், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று எழுதி வாருங்கள். எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடும்போதெல்லாம் சிங்காரம் கிளையின் மறுபக்கம் போய்விடுகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அதற்கு வெளிக்காது இல்லை. தாழ்ந்த ஒலியையும் கிளைவழி வரும் அதிர்வையுமே அது உணர்கிறது. அது அறிவது நம் குரலைக் காட்டிலும் நம் நடையை.

முதற்படி: அச்சமில்லாத இடம்

கூண்டு சரியில்லாமல் பழக்கத் தொடங்குவது வீண். வளர்ந்த ஆணுக்கு அகலமும் ஆழமும் 60 செ.மீ., உயரம் 120 செ.மீ. அளவில் நாற்புறமும் வலையிட்ட கூண்டு குறைந்தபட்சத் தேவை. அதைத் தரையில் வைக்காமல் மேசையின் மீதோ பரண் பலகையின் மீதோ உயர்த்தி, பச்சோந்தி வழக்கமாக அமரும் கிளை நம் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி அமையுங்கள். பருந்தும் காக்கையும் மேலிருந்து வருபவை. ஆகவே மேலிருந்து குனிந்து பார்க்கும் எதுவும் அதற்குப் பகை. நம்மைக் கீழே பார்க்கும் உயரத்தில் அது இருந்தால், பாதி அச்சம் அந்த ஏற்பாட்டிலேயே தணிந்துவிடும். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியிலும், தொலைக்காட்சிக்கு அருகிலும் கூண்டு வேண்டாம். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் எட்டாத இடமாக இருக்க வேண்டும். ஊர்வனவற்றின் நுரையீரல் புகையைத் தாங்காது.

உள்ளே மறைந்துகொள்ள இலையடர்த்தி தேவை. கொல்லையில் எளிதில் கிடைக்கும் செம்பருத்தி மிக நல்லது; ஏமன் பச்சோந்தி அதன் இலையையும் பூவையும் தின்னும். மணி பிளான்ட்டும் பயன்படும். அரளியும் எருக்கும் கள்ளியும் கூண்டுக்கு அருகில்கூட வரக் கூடாது. பகல் 12 மணி நேரம், புறஊதாக் கதிர் தரும் யூ.வி.பி. குழல்விளக்கு எரிய வேண்டும். அதுவும் கால்சியமும் குறைந்தால் எலும்பு மென்மையாகி, கையில் எடுக்கும்போதே கால் முறியும். வெயில் காயும் கிளையில் வெப்பம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை போதும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் அறையின் வெப்பமே அதைத் தாண்டிவிடும் என்பதால், அந்நாட்களில் வெப்ப விளக்கை அணைத்துவிட்டு, சன்னலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி கட்டுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறு: வாரக்கணக்கில் மேகமூட்டம், ஈரம், அப்போது கூண்டின் அடித்தட்டு உலர்ந்திருப்பதைக் கவனித்து, நீர் தெளிப்பதைக் குறைக்க வேண்டும். கார்த்திகை இறுதி முதல் மாசி வரையிலான நாட்களே பழக்குவதற்கு ஏற்றவை என்பது என் கருத்து. இரவுகள் குளிர்ந்து, பகல் மிதமாக இருப்பதால் அதன் உடலுக்கு வேறு எந்தப் போராட்டமும் இல்லை.

இரண்டாம் படி: கை வைக்காத பதினான்கு நாட்கள்

வீட்டுக்கு வந்த பச்சோந்தியை இரண்டு வாரம் தொடக் கூடாது. காலையிலும் மாலையிலும் இலைகளின் மீது நீர் தெளிப்பது, இரை வைப்பது, கழிவை அகற்றுவது ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், மெதுவாக, முடிந்தால் ஒருவரே செய்ய வேண்டும். பச்சோந்தி கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் திரளும் துளியைத்தான் நக்கும்.

நான் இந்த விதியை மூன்றாம் நாளே மீறினேன். சிங்காரம் கூண்டுக் கதவு திறந்திருந்தபோது வெளியேறிச் சன்னல் திரைச்சீலையில் ஏறிவிட்டது. பதற்றத்தில் அதன் முதுகைப் பிடித்து இழுத்தேன். பச்சோந்தி தான் பற்றியதை விடாது; நான் இழுக்க இழுக்க அது துணியை இறுக்கிப் பிடித்தது. கையில் வந்தபோது இடது முன்னங்காலின் நகம் ஒன்று திரைச்சீலையின் நூலில் மாட்டிக்கொண்டிருந்தது; நகம் இருந்த இடத்தில் ஒரு துளி இரத்தம். உடல் முழுவதும் அடுப்புக் கரிபோல் கருத்துப்போய், வாயைத் திறந்தபடி, எந்தப் பக்கமும் ஓடாமல் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நகம் மீண்டும் வளரவில்லை. அதன்பின் நான்கு வாரம் நான் அறைக்குள் நுழைந்தாலே அது கருத்தது. பிடித்து இழுக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அந்த ஒரு துளி இரத்தமே காரணம்.

இரண்டாம் வாரத்தில், கூண்டுக்கு எட்டடி தொலைவில் நாற்காலி போட்டு, நாள்தோறும் இருபது நிமிடம் அமர்ந்து புத்தகம் படியுங்கள். அதையே உற்றுப் பார்க்க வேண்டாம். இரு கண்களும் தன்மீது பதிவதை இரைதேடும் விலங்கின் பார்வையாகவே அது கொள்கிறது. நிறம் மாறாமல் இருக்கும் நாளில் நாற்காலியை ஓரடி முன்னே நகர்த்துங்கள். மாறினால் பின்னே போங்கள். நாம் அருகில் இருக்கும்போதே அது இரை தின்னத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: கையிலிருந்து இரை

இதுதான் பழக்கத்தின் உயிர்நாடி. இதற்கு மூன்று வாரம் ஆனாலும் மூன்று மாதம் ஆனாலும் அவசரப்படலாகாது.

வளர்ந்த பச்சோந்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரை போதும். இரை நாளில் காலை, விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு, உடல் சூடேறிப் பசியும் எடுத்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் வழவழப்பான பக்கங்கள் கொண்ட ஒரு சிறு கிண்ணத்தில் நான்கைந்து பூச்சிகளை இட்டு, கூண்டின் கதவைத் திறந்து, கிண்ணத்தை ஏந்திய கையைக் கீழிருந்து மெல்ல உயர்த்தி, அதன் முன்னே ஓரடி தொலைவில் அசையாமல் வைத்திருங்கள். முதல் நாள் அது வராது. கை வலித்தால், மற்றொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் போதும்; தின்னாவிட்டால் கிண்ணத்தைக் கூண்டிலேயே மாட்டிவிட்டு விலகிவிடுங்கள். பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை. அது பலனும் தராது.

கிண்ணத்திலிருந்து தயங்காமல் தின்னத் தொடங்கிய பின், மூங்கில் இடுக்கியில் ஒரே ஒரு பூச்சியை நீட்டுங்கள். கூர்மையான உலோக இடுக்கி வேண்டாம். உடலைவிட நீளமாகப் பாய்ந்து வரும் அந்த நாக்கு உலோக முனையில் மோதினால் புண்படும். அதற்குப் பிறகு விரல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பூச்சியின் பின்பகுதியைப் பிடித்து, அதன் உடல் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் வையுங்கள். நடப்பதை அருகிலிருந்து காண்பது பெரும் பேறு. அதுவரை தனித்தனியே சுழன்றுகொண்டிருந்த கோபுரம் போன்ற இரண்டு கண்களும் ஒருசேர முன்னே திரும்பிப் பூச்சியில் நிலைக்கும். வாய் சற்றே திறந்து, நாக்கின் வெளிறிய நுனி உதட்டருகே திரளும். உடல் ஓரங்குலம் முன்னே சாயும். பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விரல் நுனியில் ஈரமான ஒரு தட்டல். பூச்சி போயிருக்கும். அந்த ஈரத் தட்டல் கிடைத்த நாளை நோட்டில் எழுதி வையுங்கள்.

இரையைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. குறுவையும் சம்பாவும் விளையும் வயல்களில் தத்துக்கிளிக்குப் பஞ்சமில்லை. பையன்கள் ஒரு டப்பா நிறையப் பிடித்துவந்து கொடுப்பார்கள். வாங்காதீர்கள். அந்த வயலில் எப்போது பூச்சிமருந்து அடித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. மருந்து அடித்த வயலில் தள்ளாடும் பூச்சியே முதலில் கையில் சிக்கும். மின்மினிப்பூச்சியில் ஊர்வனவற்றைக் கொல்லும் நஞ்சு உண்டு. கூண்டுக்குள் ஒன்றுகூட நுழையாமல் வலையைச் சோதியுங்கள். கிரிக்கெட் என்ற பெயரில் வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் சுவர்க்கோழிப் பூச்சியை வாங்கி, ஒருநாள் முருங்கைக்கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்து, கால்சியம் பொடியில் புரட்டிப் பிறகு இரையாக்குவதே பாதுகாப்பு. பட்டுப்புழு கிடைத்தால் மிகவும் விரும்பித் தின்னும்; கைக்கு வரவழைக்க அதைவிட நல்ல இரை இல்லை.

நான்காம் படி: கை ஒரு கிளையாதல்

கையிலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை தயங்காமல் தின்ற பிறகு, கூண்டுக்குள் அதன் கிளைக்கு முன்னே, அதன் மார்பு மட்டத்துக்குச் சற்று உயரத்தில், உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி இடக்கையை நீட்டி வையுங்கள். வலக்கையில் இரையை, இடக்கையைத் தாண்டி, நாக்கு எட்டாத தொலைவில் காட்டுங்கள். இரையை அடைய அது இடக்கையின் மீது ஏற வேண்டும். பச்சோந்தி மேல்நோக்கி ஏற விரும்பும். கீழே இறங்கத் தயங்கும். அதனால் கை எப்போதும் சற்று மேலே இருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், கயிறு, வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வெயிலில் நின்றுவந்த சூடான கையும், ஐஸ் தண்ணீர் தொட்ட கையும் ஆகாது.

முதலில் ஒரு முன்னங்கால் மட்டும் வரும். விரலை அழுத்திப் பார்க்கும், ஆடுகிறதா என்று சோதிக்கும், பின்னே இழுத்துக்கொள்ளும். அப்போது கையை அதன் வயிற்றுக்கடியில் நகர்த்தித் தூக்கிவிடலாம் என்று தோன்றும். அந்த ஆசையை அடக்க வேண்டும். சிங்காரம் ஒன்பது நாட்கள் ஒரு காலை மட்டும் வைத்துவைத்து எடுத்தது. பத்தாம் நாள் இரண்டு கால்கள். பிறகு, சொன்னேனே அந்தத் தை மாதக் காலையில், நான்கு கால்களும் என் கைமீது வந்து, வால் மட்டும் கிளையைச் சுற்றியிருந்தது. வாலை அவிழ்க்கக் கூடாது. அது ஐந்தாவது கை. அதற்கு நம்பிக்கை வரும்போது தானே அவிழும். அன்று பட்டுப்புழுவைத் தின்றுவிட்டு, இரண்டு நிமிடம் அப்படியே இருந்து, கிளைக்குத் திரும்பியது. நிறம் கடைசிவரை பச்சைதான்.

கைமீது ஏறிய பச்சோந்தி நடந்துகொண்டே இருக்க விரும்பினால், ஒரு கைக்கு முன்னே மறுகையை ஏணிப்படிபோல் மாற்றிமாற்றி வைத்துக்கொண்டே போகலாம். இறுக்கிப் பிடிக்கவோ, மேலிருந்து கைகவிக்கவோ, தலைக்கொண்டையைத் தொடவோ கூடாது. திரும்ப விடும்போதும் அதே முறை: கிளையை அதன் முன்னே சற்று உயரத்தில் வரும்படி கையைக் கொண்டுபோனால் தானே ஏறிக்கொள்ளும். கால் கையைவிட்டு வராவிட்டால், பாதத்துக்குப் பின்னால் விரல் நுனியால் மெல்லத் தொட்டால் ஒவ்வொரு காலாக எடுத்துவைக்கும்.

தொடக்கத்தில் இரண்டு நிமிடம். மெல்ல மெல்லக் கூட்டி, பத்து முதல் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கருத்துச் சீறிய பிறகு கூண்டில் விட்டால், சீறினால் விடுதலை கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது.

ஐந்தாம் படி: கூண்டுக்கு வெளியே

கையிலிருந்து இறங்கி அமர ஓர் இடம் வேண்டும். தொட்டியில் நட்ட செம்பருத்தியைச் சுற்றி மூங்கில் குச்சிகள் கட்டி ஒரு வெளிமரம் அமைத்து, கூண்டின் கதவையும் அதையும் ஒரு கிளையால் இணைத்துவிட்டால், தூக்காமலேயே அது வெளியே வரும். வெளியே வருவது அதன் விருப்பமாக இருக்கும்போது, நம் கைமீதும் விரைவில் வருகிறது.

அறையில் விடும் முன் மின்விசிறியை அணையுங்கள். அணைப்பதோடு நில்லாமல் சுவிட்சின் மீது காகிதம் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் வெளியிலிருந்து வியர்த்து வருபவர் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். பூனை நுழையும் வழி, கதவிடுக்கு, செவ்வெறும்பு வரிசை ஆகியவற்றையும் பாருங்கள். முற்றமுள்ள வீடு வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காலை ஏழரை மணி வெயில் முற்றத்தில் சரிவாக விழும்போது வெளிமரத்தை அங்கே வைத்து, பாதி நிழலும் பாதி வெயிலுமாக அரை மணி நேரம் இருக்க விட்டால், எந்த விளக்காலும் தர முடியாத ஒளி அதற்குக் கிடைக்கும். காக்கைக்காக மேலே வலை வேண்டும். நாமும் அருகிலேயே இருக்க வேண்டும். வாயைத் திறந்துகொண்டு வெளிறினால் வெப்பம் மிகுந்துவிட்டது. உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

ஆறாம் படி: வீட்டாரும் விருந்தினரும்

ஒருவரின் கைக்குப் பழகிய பச்சோந்தி எல்லோர் கைக்கும் பழகியதாகாது. இரண்டாமவர், முதலில் நம் அருகில் நாற்காலியில் அமர்வதிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு அவர் கையால் இரை. பிறகு நம் கையை அவர் கையோடு சேர்த்துவைத்து அது தானாகக் கடந்துபோக விடுவது. "பல்லி விழுந்தாலே பஞ்சாங்கம் பாக்குற வீட்டுல இத ஏன்டா கொண்டாந்து வச்சிருக்க?" என்று கேட்ட என் அப்பாயி, திண்ணையிலிருந்தே இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு தன் கையால் செம்பருத்திப் பூவை நீட்டினார். அசையாமல் நீண்டநேரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் அது விரைவில் அச்சம் நீங்குகிறது.

ஆடிப்பெருக்குக்கும் தீபாவளிக்கும் வீடு நிறைய உறவினர் வரும் நாட்கள் அதைக் காட்டுவதற்கு உரிய நாட்கள் அல்ல. சென்ற ஆண்டு ஆடிப் பதினெட்டன்று சித்தப்பா ஆசையோடு மேலிருந்து கையை நீட்டியதும், ஏழு மாதப் பழக்கத்துக்குப் பின்னும் சிங்காரம் நொடியில் கருத்துத் தட்டையாகியது. அவர்மீது தவறில்லை, நான் முன்கூட்டியே சொல்லவில்லை. அத்தகைய நாட்களில் கூண்டின் மூன்று பக்கமும் மெல்லிய பருத்தித் துணியால் மூடி, அறைக் கதவைச் சாத்திவிடுகிறேன். வெடிச்சத்தத்தின் அதிர்வு குறைய, கூண்டின் கால்களுக்கடியில் மடித்த கோணிச்சாக்கு வைக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பழக்கும்போது நோட்டில் நிறம் எழுதும் வேலையைக் கொடுங்கள். தொடுவதைவிட அதில் அவர்கள் ஆர்வம் நீடிக்கிறது. ஊர்வன உடலில் சால்மொனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கர்ப்பிணிகளும், முதியவர்களும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் தொடாமல் பார்ப்பதே நல்லது; அப்பாயியும் பூவை மட்டுமே நீட்டினார். தொட்டவர் யாரானாலும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். கிண்ணங்களையும் கிளைகளையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். கொல்லைக் குழாய் இருக்கிறது.

கையில் எடுக்கக் கூடாத வேளைகள்

உறங்கும்போது, தோல் உரிக்கும்போது, வயிறு நிறையத் தின்ற ஒரு மணி நேரத்துக்குள், கோடை நடுப்பகலில் எடுக்க வேண்டாம். நான்கு மாதத்துக்குக் குறைந்த குஞ்சைக் கைமீது ஏற்ற வேண்டாம். கையிலிருந்து இரை கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெண் பச்சோந்தி ஆணோடு சேராமலேயே முட்டையிடும். கூண்டின் அடியில் அலைந்து மண்ணைத் தேடத் தொடங்கினால், ஈரமணல் நிரப்பிய ஆழமான தொட்டியை வைத்து, துணியால் மறைத்து, முட்டையிட்டு முடியும்வரை தனியே விடுங்கள். யாரேனும் பார்ப்பதாக உணர்ந்தால் அது தோண்டுவதை நிறுத்திவிடும். முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து.

கடித்தால், விழுந்தால், பழக்கம் பின்வாங்கினால்

ஏமன் ஆண் கடித்தால் தோல் கிழியக்கூடும், நஞ்சு இல்லை. கையை உதறாதீர்கள், உதறினால் அதன் தாடையும் பல்லும் புண்படும். கையை அதன் கிளைக்கு அருகே கொண்டுபோய் அசையாமல் வைத்திருந்தால் விட்டுவிடும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாக நன்றாகக் கழுவி, ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் உடனே தூக்கிப் பார்க்காமல், ஒரு குச்சியை நீட்டி ஏறவிட்டு, நான்கு கால்களும் பற்றுகின்றனவா என்று கவனியுங்கள். ஒரு கால் தொங்கினாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் ஊர்வனவற்றில் பயிற்சி இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது என்பதால், பச்சோந்தி நலமாக இருக்கும்போதே யார் பார்ப்பார் என்று விசாரித்து, அவர் தொலைபேசி எண்ணை வாங்கிக் கூண்டின் மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.

பழக்கம் திடீரெனப் பின்வாங்குவதும் உண்டு. கைமீது வந்துகொண்டிருந்தது வராமல் கருக்கும்போது, மனம் நொந்து வற்புறுத்தாதீர்கள். முதலில் உடலைச் சந்தேகியுங்கள். கண்கள் குழிந்திருந்தாலோ, கழிவின் வெண்மையான பகுதி செம்மஞ்சளாக இருந்தாலோ நீர் போதவில்லை. எடை இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் நோய். எடை பார்க்க, சமையலறைத் தராசு போன்ற ஒன்றைத் தனியாக வாங்கி, அதன்மீது டி வடிவக் குச்சியை நிறுத்திவிட்டால், கையிலிருந்து அதில் ஏறிக்கொள்ளும்; வளர்ந்த ஆண் 100 முதல் 200 கிராம் வரை இருக்கும். உடலில் குறையில்லை என்றால் வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை சன்னலுக்கு எதிரே புதுக் கண்ணாடி மாட்டியிருந்தோம். தன் உருவத்தையே எதிரியாகக் கண்டு சிங்காரம் நான்கு நாட்கள் சாப்பிடவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டு, எட்டடி தொலைவில் நாற்காலியைப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை பதினொரு நாட்களில் கைக்கு வந்துவிட்டது.